ரோசா பார்க்ஸுக்கு முன்பு யாருமே மறுக்கவில்லையா?

வாசகர் ஒருவரின் கூற்று, 1 பிப்ரவரி

ரோசா பார்க்ஸ் என்ற வயதான தையல்காரப் பெண்மணி, நாளெல்லாம் உழைத்த களைப்பில் பேருந்தில் வெள்ளையருக்கான இருக்கையில் உட்கார்ந்தார். எழச் சொன்னபோது மறுத்தார். அங்கிருந்துதான் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டமே பிறந்தது. முன்னோடிகள் யாரும் திட்டமிட்டு உருவாவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2 பிப்ரவரி, இரவு 9.15

இதே கதையை, ஏறக்குறைய இதே சொற்களில், நான் 26 ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இதைத் திருத்தும் கடமை எனக்கு உண்டு.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியில் கிளீவ்லாண்ட் அவென்யூ பேருந்தில் ஏறியபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42. அவர் அமர்ந்தது வெள்ளையருக்கான இருக்கையில் அல்ல. அந்நகரப் பேருந்துகளில் 36 இருக்கைகள் இருந்தன. முன்னால் இருந்த 10 இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியவை. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் அவற்றின் மேலே நின்றுகொண்டுதான் வர வேண்டும். நடுப்பகுதியில் கறுப்பினத்தவர் உட்காரலாம். ஆனால் முன்பகுதி நிரம்பி, வெள்ளையர் ஒருவர் நிற்க நேர்ந்தால், நடுப்பகுதியின் முதல் வரிசையில் இருக்கும் நால்வருமே எழுந்துவிட வேண்டும். ஒரே வரிசையில் இரு இனத்தவரும் சமமாக உட்காரக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். பார்க்ஸ் இருந்தது அந்த வரிசையில். மற்ற மூவரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை.

களைப்பும் காரணம் அல்ல. அன்று உடம்பில் வழக்கத்தைவிட அதிகமான களைப்பு ஏதும் இல்லை, பணிந்து பணிந்து போவதில்தான் சலித்துப் போயிருந்தேன் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கத்தின் மான்ட்கோமரிக் கிளைக்கு அவர் நெடுங்காலம் செயலாளராக இருந்தவர். 1944-இல் ஏபிவில் என்ற ஊரில் வெள்ளையர் கும்பலால் வன்புணர்வுக்கு ஆளான ரீசி டெய்லருக்காக நேரில் போய் விசாரித்து, நியாயம் கேட்டு இயக்கம் கட்டியவர்களில் ஒருவர். கைதாவதற்கு நான்கு மாதம் முன்பு, 1955 ஆகஸ்டில், டென்னசி மாநிலத்தில் உரிமைப் போராளிகளுக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தவர். அன்று வண்டியை ஓட்டிய ஜேம்ஸ் பிளேக் அவருக்குப் பழைய ஆள்: 1943-இல், முன்வாசலில் காசு கொடுத்தவர் கீழே இறங்கிப் பின்வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும் என்று சொல்லி அவரை வண்டியிலிருந்து இறக்கியவர் அதே பிளேக்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஓட்டுநரின் வண்டியில் ஏறுவதில்லை என்று வைத்திருந்தவர், அந்த மாலை மட்டும் முகத்தைக் கவனிக்காமல் ஏறிவிட்டார்.

3 பிப்ரவரி, காலை 6.50

இரவு எழுத விட்டுப்போனது ஒன்று.

1998 வாக்கில் என்று நினைவு. இந்தக் கதையை வகுப்பில் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், அதுக்கு முன்னாடி யாருமே மறுக்கலையா?" என்று கேட்டான். நான் சற்றும் யோசிக்காமல் "இல்லை, இவர்தான் முதல்" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அவன் உட்கார்ந்த விதம் இப்போதும் கண்முன் நிற்கிறது. பதில் வந்துவிட்டது, ஆனால் நம்பிக்கை வரவில்லை என்பதுபோல் மெதுவாக உட்கார்ந்தான். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. என் பதில் தவறு.

3 பிப்ரவரி, இரவு 10.30

மறுத்தவர்களில் ஒருவருடைய பெயர் கிளாடெட் கால்வின். 1955 மார்ச் 2 அன்று, பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதம் முன்பு, அதே மான்ட்கோமரியில், புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 15 வயதுச் சிறுமி.

பள்ளி விட்டுத் தோழியரோடு வீடு திரும்பும் வழி. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் நிற்க, ஓட்டுநர் அந்த வரிசையைக் காலி செய்யச் சொன்னார். உடன் இருந்த மூன்று பெண்களும் எழுந்து பின்னால் போனார்கள். கால்வின் அசையவில்லை. கட்டணம் கொடுத்திருக்கிறேன், உட்காருவது என் அரசியல் சட்ட உரிமை என்று உரக்கச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறிக் கையைப் பிடித்து இழுத்தபோது மடியில் இருந்த பள்ளிப் புத்தகங்கள் சிதறி விழுந்தன. கைவிலங்கு மாட்டி, சிறார் இல்லத்துக்குக் கொண்டுபோகாமல், பெரியவர்களை அடைக்கும் சிறையில் அடைத்தார்கள். பூட்டில் சாவி திரும்பிய அந்த ஓசையைத் தன்னால் மறக்கவே முடியவில்லை என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்த நேரமெல்லாம் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் சபைப் போதகரும் வந்து ஜாமீனில் எடுத்தார்கள். அன்றிரவு வீட்டைக் கொளுத்த யாரேனும் வரக்கூடும் என்று அஞ்சி, வளர்ப்புத் தந்தை துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தார்.

ஏன் எழவில்லை என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் தந்தார். ஒரு தோளை ஹாரியட் டப்மனும் மறு தோளை சோஜர்னர் ட்ரூத்தும் பிடித்து அழுத்தி உட்கார வைத்ததுபோல் இருந்தது என்பதே அந்தப் பதில். டப்மன் அடிமைத்தளையிலிருந்து தப்பி, மீண்டும் மீண்டும் திரும்பிப் போய்ப் பலரை மீட்டு வந்தவர். ட்ரூத் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, தன் மகனை மீட்க நீதிமன்றம் ஏறி வென்றவர். அந்த ஆண்டு பிப்ரவரி முழுவதும் கால்வினின் பள்ளியில் கறுப்பின வரலாற்றைப் பாடமாக நடத்தியிருந்தார்கள். பிப்ரவரி முடிந்து இரண்டாம் நாள்தான் அவர் கைதானார்.

முன்னோடிகளை நினைவுகூர்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தேதியைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

4 பிப்ரவரி, பிற்பகல் 2.05

அப்படியானால் பிரிவினையை எதிர்க்கும் வழக்கின் முகமாக நிறுத்தாமல் கால்வினை உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் திருமணமாகாமல் கருவுற்றிருந்தார்; அந்த நிலையில் இருந்த சிறுமியை வழக்கின் முகமாக நிறுத்தினால் வெள்ளையர் பத்திரிகைகள் கிழித்துவிடும் என்று தலைவர்கள் அஞ்சினார்கள்.

4 பிப்ரவரி, இரவு 11.20

பிற்பகலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எல்லோரும் சொல்லும் காரணம் அது. நானும் அப்படியே எழுதிவிட்டேன். பிறகு நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

கால்வினின் மகன் பிறந்தது 1956 மார்ச் மாதம். ஆகவே கரு உண்டானது 1955-ஆம் ஆண்டு கோடையில். அவருடைய மேல்முறையீடு அதற்கு முன்பே, மே மாதத்திலேயே, முடிந்துவிட்டது. அவர் மீது மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன: பேருந்துப் பிரிவினைச் சட்டத்தை மீறியது, அமைதியைக் குலைத்தது, போலீஸ்காரரைத் தாக்கியது. மேல்முறையீட்டில் முதல் இரண்டையும் தள்ளிவிட்டு, தாக்கியது என்ற ஒன்றை மட்டும் நிலைநிறுத்தினார்கள். இதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிவினைச் சட்டத்தின் கீழ் தண்டனை இருந்திருந்தால் அதைக் காட்டி அந்தச் சட்டமே செல்லாது என்று மேல் நீதிமன்றங்களில் வாதாடலாம். அது போய்விட்ட பிறகு மிஞ்சியது, போலீஸ்காரரை அடித்த பெண் என்ற பெயர் மட்டுமே. வழக்கின் கழுத்தை நெரித்து, அவதூறை மட்டும் அவர் தலையில் கட்டினார்கள்.

இத்துடன் வேறு காரணங்களும் சேர்ந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. வயது குறைவு, உணர்ச்சிவசப்படுகிறவர் என்ற பேச்சு, ஏழைக் குடும்பம், நல்ல கறுப்பு நிறம். கறுப்பினத்தவருக்குள்ளேயே வெளிர் நிறத்துக்கும் படிப்புக்கும் தனி மதிப்பு இருந்தது என்பதைக் கால்வினே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கர்ப்பம் பின்னால் வந்து, முன்னமே எடுத்த முடிவுக்கு எல்லோரும் சொல்லும் காரணமாகிவிட்டது. நேர்ந்தது இன்னது, சொல்லப்பட்டது இன்னது என்று பிரித்து வைக்காவிட்டால், கைவிட்டவர்களின் பொறுப்பையும் அந்தச் சிறுமியின் மேலேயே சுமத்தியவர்கள் ஆவோம்.

1955 அக்டோபரில் கைதான மேரி லூயிஸ் ஸ்மித்தையும் இப்படித்தான் தள்ளி வைத்தார்கள். அவருக்கு வயது 18.

5 பிப்ரவரி, காலை 7.30

என் குறிப்புகளைப் படித்த ஒருவர், பார்க்ஸை இறக்கிக் கால்வினை ஏற்றுவதுதான் என் நோக்கமா என்று வருத்தத்துடன் கேட்டிருக்கிறார். இல்லை. அப்படித் தோன்றும்படி எழுதியிருந்தால் அது என் எழுத்தின் குறை.

உரிமைச் சங்கத்தின் இளைஞர் பிரிவை நடத்தியவர் பார்க்ஸ். கால்வின் கைதான பிறகு அவரை அந்தப் பிரிவுக்குள் அழைத்துக்கொண்டு, வழக்குச் செலவுக்கு நிதி திரட்டியவர்களில் பார்க்ஸும் ஒருவர். டிசம்பரில் தமக்கு அதே நிலை வந்தபோது, தலைவர்கள் கேட்டதும், கணவரும் தாயாரும் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதை அறிந்தே, வழக்கின் முகமாக நிற்க ஒப்புக்கொண்டார். 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும் விதித்தார்கள். அடுத்த மாதமே மான்ட்கோமரி ஃபேர் என்ற பெருங்கடையில் இருந்த தையல் வேலை போனது. 1957-இல் ஊரை விட்டே டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. களைத்துப்போன மூதாட்டி என்று சொல்லும்போது இத்தனையும் அழிந்துவிடுகிறது. அவரைச் சிறுமைப்படுத்துவது அந்தக் கதைதான்.

6 பிப்ரவரி, இரவு 8.45

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஜோ ஆன் ராபின்சன் அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். 1949-இல், ஏறக்குறையக் காலியாக இருந்த பேருந்தில் தெரியாமல் முன்பகுதியில் உட்கார்ந்துவிட்ட அவர் மேல் ஓட்டுநர் கை ஓங்கிக் கத்த, அழுதுகொண்டே இறங்கியவர். கறுப்பினப் பெண்களின் அரசியல் மன்றத்துக்குத் தலைவரானதும் பேருந்துப் பிரச்சினையையே கையில் எடுத்தார். 1954 மே 21 அன்று மேயர் கெய்லுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: பேருந்தில் செல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துகள் ஓட முடியாது, நகரத்தின் 25-க்கும் மேற்பட்ட அமைப்புகளில் புறக்கணிப்பைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே எழுதிய கடிதம் அது. திட்டமில்லாமல் வெடித்த போராட்டம் என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது.

பார்க்ஸ் கைதான இரவு, நள்ளிரவில், ராபின்சன் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர்கள் இருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பேருந்துகளைப் புறக்கணிக்கச் சொல்லும் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்தார். சைக்ளோஸ்டைல் இயந்திரம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் வினாத்தாள் எடுப்பது என் வேலையாக இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரியும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு எழுத்து தவறினால் சிவப்பு நிறத் திரவத்தைப் பூசி, உலர விட்டு, மறுபடி அடிக்க வேண்டும். மையை உருளையில் தடவி, கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முந்நூறு தாள் எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும், முழங்கை வரை மை ஏறிவிடும். அவர்கள் ஒரு தாளில் மூன்று அறிக்கை வரும்படி அமைத்து, வெட்டிப் பிரித்து, பல்லாயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் ராபின்சன் முதல் வகுப்பை வழக்கம்போல் நடத்திவிட்டு, மாணவர்களோடு காரில் ஏறிப் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் முடிதிருத்தகங்களுக்கும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அரசுக் கல்லூரியின் காகிதத்தில், அரசுக் கல்லூரியின் இயந்திரத்தில் எடுத்த அறிக்கை. தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். கல்லூரிக்கு வரும் நிதியும் நின்றிருக்கும். அதனால்தான் அதில் யார் பெயரும் இல்லை.

அந்த அறிக்கையின் இரண்டாம் வாக்கியத்திலேயே கிளாடெட்டைக் குறிப்பிடுகிறார்கள், ஆனால் பெயர் தவறாக இருக்கிறது. கால்வின் என்பதற்குப் பதில் கோல்பர்ட் என்று அடித்திருக்கிறார்கள். அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு திரைப்பட நடிகையின் பெயர் அது. நள்ளிரவு, அவசரம், அச்சம் எல்லாம் எனக்குப் புரிகிறது. ஸ்டென்சிலில் தவறிய எழுத்தைப் பார்க்காமல் நானே எத்தனையோ முறை உருட்டியிருக்கிறேன். இருந்தாலும், ஒன்பது மாதத்துக்கு முன் சிறைக்குப் போன சிறுமியின் பெயர் அவளுடைய ஊருக்கே தவறாகப் போய்ச் சேர்ந்தது என்பது மனத்தை விட்டு அகலவில்லை.

6 பிப்ரவரி, இரவு 9.30

ராபின்சனைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1956 பிப்ரவரியில் அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. சில நாட்களில் காரின் மேல் அமிலம் ஊற்றினார்கள். இரண்டும் போலீஸ்காரர்களின் வேலை. கூரையிலும் முன்புறத்திலும் வெள்ளி டாலர் அளவுக்கு ஓட்டைகள் விழுந்த அந்தக் காரை மாற்றாமல், 1960-இல் ஊரை விட்டுப் போகும் வரை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

8 பிப்ரவரி, மாலை 5.10

அந்தப் புறக்கணிப்பில் 381 நாள் மக்கள் பேருந்தில் ஏறவில்லை என்றால் அதற்குப் பணம் யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். தேவாலயங்களின் வண்டிகளும் தனியார் கார்களுமாக ஏறக்குறைய 300 கார்கள் முறை வைத்து ஓடின. பெட்ரோல், பழுதுபார்ப்பு, காப்பீடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். வெளியூர்களிலிருந்தும் நன்கொடை வந்தது. உள்ளூரில் வந்த பணத்துக்கு ஒரு முகம் சொல்ல வேண்டுமானால் ஜார்ஜியா கில்மோரைச் சொல்வேன். சிற்றுண்டிச்சாலை ஒன்றில் சமையல் வேலை செய்தவர். வறுத்த கோழியும் ரொட்டியும் பழப் பணியாரங்களும் செய்து, முடிதிருத்தகங்களிலும் கூட்டங்களிலும் விற்று, வாராவாரம் கூட்டத்தில் எழுந்து நின்று தொகையைச் சொல்லிக் கொடுப்பார். அந்தப் பெண்கள் தங்கள் குழுவுக்கு "எங்கிருந்தும் வராத சங்கம்" என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்யும் பெண் சிக்கிக்கொண்டால், பணம் எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் சொல்லாமலேயே சொல்லலாம் அல்லவா? புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்கின் மீதான வழக்கில் 1956 மார்ச்சில் சாட்சி சொன்னதற்காக கில்மோருக்கு வேலை போயிற்று. பிறகு தம் வீட்டிலேயே சமைத்து விற்றார்.

9 பிப்ரவரி, இரவு 10.00

பேருந்துகளில் பிரிவினையை முடித்தது எது என்ற கேள்விக்கு வருகிறேன். புறக்கணிப்பு தொடங்கியபோது கேட்டது மிகச் சிறிது: மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வந்தவர் முதலில் உட்கார வேண்டும், அதுவும் கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும், கறுப்பினத்தவர் மிகுந்த வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநரை நியமிக்க வேண்டும். பிரிவினையை எடுக்கச் சொல்லி அப்போது கேட்கவில்லை. அதைக் கூடத் தர நகராட்சி மறுத்துவிட்டது.

1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். பிப்ரவரி 1 அன்று, 25 வயதான வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பார்க்ஸின் வழக்கு மாநில நீதிமன்றத்தில் சிக்கிக் கிடந்ததால் அவரைச் சேர்க்கவில்லை. வழக்கில் நிலைத்து நின்றவர்கள் நான்கு பெண்கள்: அவ்ரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின். தகுதியில்லை என்று ஒதுக்கிய இரண்டு பெண்களையும், வேறு ஆள் துணியாத இடத்தில், கூப்பிட்டார்கள். இருவரும் வந்தார்கள்.

மே 11 அன்று சாட்சிக் கூண்டில் ஏறியபோது கால்வினுக்கு வயது 16. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை வீட்டில் இருந்தது. மக்களைத் தூண்டிவிட்ட தலைவர் கிங்தான் என்று சொல்ல வைக்க நகராட்சி வழக்கறிஞர் சுற்றிச் சுற்றிக் கேட்டார். எங்கள் தலைவர்கள் நாங்களேதான் என்று அவர் பதில் சொன்னார். ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் பிரிவினை செல்லாது என்றார்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பர் 20 அன்று ஆணை மான்ட்கோமரிக்கு வந்து சேர, மறுநாள் மக்கள் பேருந்தில் ஏறினார்கள்.

நான் வகுப்பில் சொன்ன கதையில் இந்த நால்வரில் ஒருவர் பெயர்கூட இருந்ததில்லை.

11 பிப்ரவரி, காலை 6.20

பிப்ரவரி மாதம் இதற்கென எப்படி வந்தது என்று கேட்டவருக்கு: கார்ட்டர் உட்சன். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1875-இல் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர். 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். கறுப்பின வரலாற்று வாரத்தை 1926-இல் தொடங்கினார். லிங்கன், அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் வருகிற வாரம் என்பதால் பிப்ரவரி. 1976-இல்தான் அது அதிகாரபூர்வமாக மாதமாயிற்று. உட்சன் 1950-இல் இறந்துவிட்டார். அவர் தொடங்கிய வாரத்தை மாதமாக்கிப் பாடம் நடத்திய மான்ட்கோமரி ஆசிரியர்களையும், ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பாடத்தைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போன சிறுமியையும் அவர் பார்க்கவில்லை.

ஆசிரியனாக இருந்தவன் என்பதால் இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

14 பிப்ரவரி, இரவு 9.50

கால்வின் 1958-இல் நியூயார்க்குக்குப் போய், மன்ஹாட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 35 ஆண்டுகள் இரவுப் பணியில் செவிலிய உதவியாளராக இருந்து, 2004-இல் ஓய்வு பெற்றார். 2019 டிசம்பரில் மான்ட்கோமரியில் பார்க்ஸுக்குச் சிலை வைத்தபோது, அதன் அருகில் வழக்குத் தொடுத்த நால்வருக்கும் கருங்கல் குறிகளைப் பதித்தார்கள். ஆனாலும் 1955-இல் விதித்த நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்துவிட்டது என்று யாரும் கால்வினிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். 2021-இல், 82 வயதில், அதே ஊரின் நீதிமன்றத்துக்குப் போய்ப் பழைய பதிவை அழிக்க மனு கொடுத்தார். கறுப்பின நீதிபதி ஒருவர் அந்த ஆண்டே அதை ஏற்று ஆணையிட்டார்.

இன்று மாலை, கேள்வி கேட்ட அந்தப் பழைய மாணவனின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது நாற்பதைக் கடந்த குடும்பஸ்தன். வகுப்பில் அப்படியொரு கேள்வி கேட்டது தனக்கு நினைவே இல்லை என்றான். நான் நடந்ததைச் சொல்லி, அன்று தந்த பதில் தவறு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்ன சார், மறுபடி சொல்லுங்க" என்றான். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினான். சரியாக இருந்தது.